மேரிட்ஸ்பர்க்கா, ராய் ஹெஸ்கெத்தா? பந்தயத் தடங்களுக்குப் பெயரும் வகையும்

பெரியப்பா போன பிறகு அவர் வீட்டுக் கராஜில் பதினொரு ஷூ பெட்டிகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் கார்ப் பந்தயப் படங்கள். கூடவே கிழிந்த நுழைவுச் சீட்டுகள், மடிப்பில் எழுத்து அழிந்துபோன நிகழ்ச்சிப் புத்தகங்கள். தென்னாப்பிரிக்காவில், மேரிட்ஸ்பர்க்கில் பேனல் பீட்டராக இருந்தவர் அவர். வாரம் முழுவதும் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவார். பந்தயம் உள்ள நாளில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரியம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தோடு கிளம்பிவிடுவார். கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்தை அவர் கைவிடவே இல்லை. படங்களின் பின்புறம் பென்சிலால் தமிழில்தான் எழுதியிருக்கிறார்: ‘மேரிட்ஸ்பர்க், மூணு மணி.’ ‘கயலாமி, ஒம்போது மணி.’ ‘லண்டன், மழை.’

அவருக்கு அது போதும். ஆனால் ‘கயலாமி’ ஜோஹானஸ்பர்க் பக்கத்துப் பந்தயத் தடம் என்பதும், ‘லண்டன்’ என்றால் நம் நாட்டுக் கடற்கரை ஊரான ஈஸ்ட் லண்டன் என்பதும் எனக்குத் தெரியும், என் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. ‘மூணு மணி’ என்பது பிற்பகல் மூன்று மணி இல்லை, மேரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் தடத்தில் நடந்த மூன்று மணி நேரப் பந்தயம் என்பதும் இன்னும் இருபது வருடத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் நானும் அண்ணன் மகனும் இந்தப் படங்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் போட உட்கார்ந்தோம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை, அவனுடைய மடிக்கணினி, பதினொரு பெட்டி. அவன் முதல் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: “அத்தை, இடம்ங்கற எடத்துல என்ன போடட்டும்? மேரிட்ஸ்பர்க்கா, ராய் ஹெஸ்கெத்தா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எந்தெந்த வழிகளை எடுத்துப் பார்த்தோம், எதை ஏன் விட்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு நாட்டில், வேறு தடங்களை வைத்து இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் உதவும்.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டிருக்கிறோம். பெரியப்பா இருந்த காலத்தில் ஒரு பெட்டியை ஓர் அமைப்பிடம் ஒழுங்குபடுத்தித் தரும்படி கொடுத்தார். திரும்பி வந்தபோது எல்லாப் படமும் அழகான புது உறைகளில் இருந்தது. உறையின்மேல் ‘ஹெஸ்கெத் அணி, ஃபார்முலா 1’ என்று எழுதியிருந்தது. ராய் ஹெஸ்கெத் இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட தென்னாப்பிரிக்கப் பந்தய ஓட்டுநர். மேரிட்ஸ்பர்க் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஹெஸ்கெத் அணி என்பது 1970களில் ஓர் ஆங்கிலேயப் பிரபு நடத்தியது. ஜேம்ஸ் ஹன்ட் 1975இல் டச்சு கிராண்ட் பிரியை வென்றது அந்த அணிக்காக. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் யாரோ ஒருவர் ஊகித்து எழுதிவிட்டார். பழைய உறைகளைத் தூக்கி எறிந்திருந்தார்கள். அதில் இருந்த தேதிகளும் அதோடு போயின. பெரியப்பா கோபப்படவில்லை. “அந்தாளு வேற, இந்தாளு வேற” என்று மட்டும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, முதலில் பொதுச்சொல். சர்க்யூட் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

‘ஓடுதளம்’, ‘ஓடுபாதை’ இரண்டையும் பார்த்தோம். காதுக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் படிக்கிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது விமானம். எங்கள் பட்டியலில் அது நிஜமான குழப்பத்தையே உண்டாக்கும். பெரியப்பா ‘ஒம்போது மணி’ என்று எழுதிய ஒன்பது மணி நேரப் பந்தயம் 1958இல் தொடங்கியது கிராண்ட் சென்ட்ரல் என்ற தடத்தில். இன்று ஜோஹானஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் விமான நிலையத்தைத்தான் காட்டுவார்கள். சென்னைக்காரர்களுக்கும் இது புதிதல்ல. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்பு அங்கே பந்தயம் நடந்த சோழவரம் உண்மையிலேயே போர்க்காலத்து விமான ஓடுபாதைதான். ‘சுற்று’ என்று வைத்தால் ஒரு லாப் ஓடி முடிப்பதற்கும் அதே சொல். ‘கயலாமி சுற்றில் 79 சுற்று’ என்று எழுத வேண்டி வரும். ‘பந்தயத் திடல்’, ‘ரேஸ் கோர்ஸ்’ என்றால் குதிரை. டர்பனில் வளர்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ரேஸ் என்றால் கிரேவில், ஜூலை மாதம், குதிரை. கோயம்புத்தூரிலும் கிண்டியிலும்கூட அப்படித்தான்.

‘சர்க்யூட்’ என்றே எழுதிவிடலாம் என்று அண்ணன் மகன் சொன்னான். பேச்சில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம் என்பதால் நானும் எதிர்க்கவில்லை. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் அவனே அதைக் கைவிட்டான். சர்க்யூட் என்றால் வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். பெரியப்பாவின் பெட்டியில் டார்ல்டன் டிராக் ரேஸ் (drag race) படங்களும் உண்டு. அது ஒரே நேர்கோடு. நைஸ்னாவில் 2009 முதல் நடக்கும் சிமோலா மலையேற்றப் பந்தயம் 1.9 கிலோமீட்டர் மேலே ஏறி முடிந்துவிடுகிறது. இவற்றைச் சர்க்யூட் என்று எழுதினால் தப்பு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லாக ‘தடம்’ என்பதில் வந்து நின்றோம். பந்தயத் தடம். வட்டமோ நேரோ மலையோ, வண்டி போகும் வழி தடம்தான். பேச்சில் சர்க்யூட் என்றே சொல்லிக்கொள்ளலாம், தலைப்பில் தடம்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல்: ஒவ்வொரு தடத்தையும் எந்தப் பெயரில் வைப்பது?

இன்று வாசல் பலகையில் இருக்கும் முழுப் பெயரையே வைப்பது சுலபம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பலகை மாறும். ஆஸ்திரியாவில் ஒரே மலைச்சரிவில் இருக்கும் தடம் 1969இல் ஆஸ்டெர்ரைக்ரிங் என்று தொடங்கி, சுருக்கிக் கட்டியபோது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் ஏ1 ரிங் ஆகி, 2011 முதல் ரெட் புல் ரிங் என்று இருக்கிறது. அமெரிக்காவின் லகூனா செகாவின் முன்னால் ஒட்டிய பெயர் மாஸ்டாவிலிருந்து வெதர்டெக்குக்கு மாறியது 2018இல். காசு கொடுத்தவர் பெயர் காசு தீர்ந்ததும் இறங்கிவிடும். எங்கள் பட்டியலை அதன் பின்னால் ஓட வைக்க எனக்கு மனமில்லை. கயலாமி இதில் தப்பித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2014 ஜூலையில் அது 20.5 கோடி ராண்டுக்கு ஏலம் போனபோது வாங்கியது போர்ஷே கார்களை இங்கே இறக்குமதி செய்யும் நிறுவனத்தின் தலைவர். புதுப்பித்துத் திறந்தபோதும் பெயர் கயலாமியாகவே இருந்தது.

படம் எடுத்த நாளில் இருந்த பெயரையே வைப்பது இரண்டாவது வழி. வரலாற்றுக்கு நேர்மையானது இதுதான். டர்பனில் 2006, 2007, 2008 மூன்று வருடமும் கடற்கரையோரத்தில், நாட்டுக்கு ஓர் அணி என்று மோதிய ஏ1 கிராண்ட் பிரி நடந்தது. வடக்குக் கடற்கரைப் பக்கம் நம் ஊர் சாலைகளையே அடைத்து, கான்கிரீட் சுவரும் வேலியும் வைத்து நடத்தினார்கள். பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வந்தார். அந்தப் படங்களின் பின்னால் ‘ஆர்கைல் ரோடு’, ‘என்.எம்.ஆர். அவென்யூ’ என்று எழுதியிருக்கிறார். 2008இல் நகராட்சி நூற்றுக்கு மேற்பட்ட சாலைகளின் பெயரை மாற்றியது. ஆர்கைல் ரோடு சான்டிலே தூசி ரோடு ஆனது, என்.எம்.ஆர். அவென்யூ மசபலலா யெங்வா அவென்யூ ஆனது. பெரியப்பா எழுதியது அன்று சரி. இன்று வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அந்தச் சாலைகள் கிடைக்காது. அன்றைய பெயரை மட்டும் வைத்தால் தேடுகிறவர் தொலைந்துபோவார். இன்றைய பெயரை மட்டும் வைத்தால் பெரியப்பாவின் கையெழுத்தைப் பொய்யாக்கிவிடுவோம். இந்த வழியில் இன்னொரு குறையும் உண்டு. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரே மண் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து பட்டியலின் வெவ்வேறு மூலையில் போய் உட்காரும்.

மூன்றாவது வழி ஊர்ப் பெயர். பெரியப்பா செய்தது இதுதான்: மேரிட்ஸ்பர்க், லண்டன். ஊரைச் சொன்னால் உடனே புரியும் என்பது உண்மை. ஆனால் இந்த நாட்டில் ஊர்ப் பெயரும் நிற்பதில்லை. 2021இல் போர்ட் எலிசபெத் கெபெர்ஹா ஆனது. அந்த முதல் எழுத்தில் வரும் நாக்குச் சொடுக்கொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. ‘கெ’ என்று எழுதுவது கிட்டத்தட்ட மட்டுமே. கோசா மொழி பேசும் பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லி நாலைந்து முறை கேட்டும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அங்கே இருக்கும் தடம் ஆல்டோ ஸ்கிரிபான்டே, ஒரு மனிதரின் பெயர். ஊர் பெயர் மாறிய பிறகும் பந்தயக்காரர்கள் முன்பு போலவே ஸ்கிரிபான்டே என்றுதான் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஊர்ப் பெயரைவிட ஆள் பெயர் உறுதியாக நின்றிருக்கிறது.

ஈஸ்ட் லண்டன் அதற்கு நேர் எதிர். அங்கே தடத்தின் பெயர் பிரின்ஸ் ஜார்ஜ். 1934இல் இங்கே சுற்றுப்பயணம் வந்த ஆங்கிலேய இளவரசரின் பெயர். ஆனால் பெட்டியில் இருக்கும் எந்தப் படத்தின் பின்னாலும் பெரியப்பா பிரின்ஸ் ஜார்ஜ் என்று எழுதவில்லை. அவர் நண்பர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. 1962 டிசம்பர் 29ஆம் தேதி கிரஹாம் ஹில் முதல்முறையாக ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஆனது அந்தத் தடத்தில்தான். முன்னணியில் போய்க்கொண்டிருந்த ஜிம் கிளார்க்கின் வண்டியில் எண்ணெய் ஒழுகி அவர் நின்றுவிட்டார். அந்தக் கதையைப் பெரியப்பா ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் ‘லண்டன்ல’ என்றுதான் தொடங்குவார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. ஊரா, ஆளா, பலகையா என்று ஒரே விதியை எல்லாத் தடத்துக்கும் போட முடியாது. வேலி ஓரம் நின்று பார்த்தவர் எந்தப் பெயரைச் சொல்லி நம்மிடம் கேட்பாரோ அதுதான் தலைப்பு. ராய் ஹெஸ்கெத்தை ராய் ஹெஸ்கெத் என்று கேட்பார்கள், ஈஸ்ட் லண்டனை ஈஸ்ட் லண்டன் என்று கேட்பார்கள், கயலாமியைக் கயலாமி என்று. தலைப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஊர். அதன் கீழே அந்த இடம் ஏற்ற எல்லாப் பெயரும் ஆண்டோடு. தேடுகிறவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

பக்கத்தில் ஊர் கட்டாயம் வேண்டும் என்பதை எனக்குப் புரிய வைத்தது ஸ்வார்ட்கோப்ஸ். பிரிட்டோரியா தடத்தின் பெயரைப் பழைய டச்சு முறைப்படி ஆங்கில எழுத்துகளின் கடைசி எழுத்தான இசட்டில் தொடங்கி எழுதுகிறார்கள். கெபெர்ஹா பக்கம் ஓடும் ஆற்றின் பெயரை எஸ்ஸில் தொடங்கி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். தமிழில் இரண்டும் ஒரே ஸ்வார்ட்கோப்ஸ். கில்லார்னியும் அப்படித்தான்: கேப் டவுனில் தடம், ஜோஹானஸ்பர்க்கில் ஒரு குடியிருப்புப் பகுதி, அயர்லாந்தில் மூல ஊர்.

கயலாமியின் எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கியாலமி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியது அது. சூலு மொழியில் ‘இகாயா லாமி’ என்றால் ‘என் வீடு’. இங்கே எல்லோரும் சொல்வதும் கயலாமி என்றுதான். காதால் கேட்டதை எழுதினால் சொல்லின் பொருளும் உள்ளே தங்குகிறது. வெல்கம் என்ற ஊர்ப் பக்கத்தில் 1999இல் திறந்த பகிசா தடமும் அப்படி ஒரு நல்ல பெயர். செசோத்தோ மொழியில் ‘சீக்கிரம் போ’ என்பது போல ஒரு சொல். பந்தயத் தடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இந்த மாதிரிப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது, பொருளை அடியில் ஒரு வரி சொன்னால் போதும்.

பந்தயத்தின் பெயரைத் தடத்தின் பெயராக வைக்கலாமா என்றும் யோசித்தோம், ஏனென்றால் பாதிச் சீட்டுகளில் பந்தயத்தின் பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. சீக்கிரமே விட்டுவிட்டோம். தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி 1962, 1963, 1965 மூன்று ஆண்டும் உலகச் சாம்பியன் போட்டியாக நடந்தது ஈஸ்ட் லண்டனில். 1967 முதல் கயலாமியில். ‘ஒம்போது மணி’ என்று பெரியப்பாவின் நண்பர் கொடுத்த 1960ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. நான் அதைக் கயலாமிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அண்ணன் மகன்தான் எடுத்துக் காட்டினான்: “அத்தை, 1960ல கயலாமியே கெடயாது.” ஆமாம், கயலாமி திறந்தது 1961. அந்தப் புத்தகம் கிராண்ட் சென்ட்ரலைச் சேர்ந்தது. பந்தயங்கள் வீடு மாறும்.

இனி வகை. இங்கே நாங்கள் நிறையத் தடுமாறினோம்.

பெயரின் வாலில் இருக்கும் சொல்லை நம்பி வகை பிரிக்கலாம் என்றுதான் தொடங்கினோம். ரேஸ்வே ஒரு வகை, சர்க்யூட் ஒரு வகை, ஸ்பீட்வே ஒரு வகை. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கில்லார்னி ரேஸ்வே, ஸ்வார்ட்கோப்ஸ் ரேஸ்வே இரண்டும் வளைவுகள் உள்ள தடங்கள். டார்ல்டன் ரேஸ்வே டிராக் ரேஸுக்கான நேர்கோடு. பகிசா ஃப்ரீவே என்று பெயர், ஆனால் அது நெடுஞ்சாலை இல்லை. தமிழ்நாட்டிலேயே கோவையில் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்த காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஸ்பீட்வே என்றதும் நீள்வட்டத்தைத் தேடிப் போனால் அங்கே வளைவும் திருப்பமும்தான் இருக்கும். வால் சொல்லைக் கட்டியவர் தம் விருப்பத்துக்கு வைக்கிறார். அதில் தகவல் இல்லை.

மாகாணம்வாரியாகப் பிரிப்பது நூலகங்களில் வழக்கம், எனக்கும் அதுதான் முதலில் வந்தது. 1994 வரை இந்த நாட்டுக்கு மாகாணம் நான்கு, பிறகு ஒன்பது. கயலாமியில் ஜோடி ஷெக்டர் 1975இல் சொந்த மண்ணில் வென்றபோது அது டிரான்ஸ்வால், இன்று கௌடெங். ராய் ஹெஸ்கெத் 1981இல் மூடியபோது நேட்டால். க்வாசூலு-நேட்டால் என்ற மாகாணத்தில் அந்தத் தடத்தில் ஒரு பந்தயம்கூட நடந்ததில்லை. பந்தயம் பார்க்கப் போகிறவருக்கு மாகாணம் வசதி. பழைய படத்துக்கு அது பொய் சொல்லும்.

உலகக் கார்ப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. தடங்களுக்குத் தரும் தர எண்ணைப் பற்றி அண்ணன் மகனுக்கு நிறைய ஆசை இருந்தது. ஒழுங்கான எண், உலகம் முழுக்க ஒன்று: ஃபார்முலா 1 நடத்த 1ஆம் தரம் வேண்டும், அதற்குக் கீழே படிப்படியாக. வண்டியின் எடைக்கு எவ்வளவு சக்தி என்ற கணக்கை வைத்து எந்தத் தரத் தடத்தில் எந்த வண்டி ஓடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதன் பயனை நான் மறுக்கவில்லை. அது ஓட்டுநரின் உயிரைக் காக்கும் எண். ஆனால் அது உரிமம், பிறவிக் குணம் இல்லை. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த கயலாமிக்கு 2ஆம் தரம் கிடைத்தது. 1ஆம் தரத்துக்கு உயர்த்தும் திட்டத்துக்கு 2025இல் எஃப்.ஐ.ஏ. ஒப்புதல் தந்தது. 1981இல் மூடிய தடத்துக்கு இன்று எந்த எண்ணைப் போடுவது? தரம் குறிப்பில் இருக்கட்டும், பக்கத்தில் ஆண்டோடு. வகையாக வேண்டாம்.

கடைசியில் நாங்கள் வைத்துக்கொண்டது மிகவும் எளியது. பந்தயம் இல்லாத நாளில் அந்தத் தடம் என்னவாக இருக்கிறது? அப்போதும் பந்தயத் தடமாகவே இருந்தால் நிலையான தடம். பேருந்தும் டாக்ஸியும் போனால் தெருத் தடம். டர்பன் கடற்கரை தெருத் தடம். 2023 பிப்ரவரியில் கேப் டவுனில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்த 2.921 கிலோமீட்டரும் தெருத் தடம். கிரீன் பாயின்ட் கால்பந்து அரங்கைச் சுற்றி எல்லோரும் தினமும் போய்வரும் சாலைகள்தான் அவை. அடுத்த கேள்வி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறதா? திரும்பாதது நேர்த்தடம் அல்லது மலைத்தடம். திரும்புவதில், ஒரே பக்கமாக மட்டும் வளைந்தால் ஓவல். நீள்வட்டம் என்று எழுதலாம்தான், ஆனால் ஓவல் பந்தயம் பார்க்கிற நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் படத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம், எந்தப் பலகையையும் படிக்க வேண்டாம்.

ஆனால் பகிசா இதற்கும் அடங்கவில்லை. அங்கே 4.24 கிலோமீட்டர் வளைவுத் தடம் ஒன்று. 1999 முதல் 2004 வரை பைக்குகளின் மோட்டோஜிபி பந்தயம் நடந்தது, யமஹா பைக்கில் ஏறிய முதல் பந்தயத்திலேயே வாலன்டினோ ரோசி வென்றது அதில்தான். அதே வேலிக்குள் 2.4 கிலோமீட்டர் ஓவலும் இருக்கிறது. கில்லார்னியிலும் பெரிய தடம், ஓவல், டிராக் ரேஸ் நேர்த்தடம், சின்னக் கார்ட் வண்டிகளுக்கான தடம் எல்லாம் ஒரே வாசலுக்குள். ஒரு பெயருக்கு ஒரு வகை என்றால் இவற்றை எங்கே வைப்பது?

இதற்கு வழி கண்டது அண்ணன் மகன். நாம் ஒன்று என்று நினைத்தது உண்மையில் மூன்று என்றான். வளாகம் ஒன்று, அதற்குள் இருக்கும் தடம் ஒன்று, காலத்துக்குக் காலம் தடம் எடுத்த வடிவம் ஒன்று. பெயர் வளாகத்துக்கு. வகை தடத்துக்கு. நீளமும் ஆண்டும் வடிவத்துக்கு. அதைக் கேட்டதும் எங்களைக் குழப்பிக்கொண்டிருந்த பாதிப் படங்கள் தானாகவே இடத்தில் போய் உட்கார்ந்தன.

வடிவத்தைத் தனியாக வைப்பது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு ஈஸ்ட் லண்டனைக் காட்டுவேன். 1934இல் அது பொதுச் சாலைகளில் 24 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தடம். 1936இல் சுமார் 17.7 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 1959இல் தனியாகக் கட்டிய இன்றைய தடம் நான்கு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. முதல் இரண்டும் தெருத் தடம், மூன்றாவது நிலையான தடம். பெயர் மட்டும் ஒன்று. கயலாமி முதலில் 4.104, 1992இல் கிராண்ட் பிரி திரும்பி வந்தபோது 4.261, இன்று 4.522 கிலோமீட்டர். பழைய பெரிய நேர்பாதை இப்போது இல்லை. அதன் முடிவில் இருந்த கிரவுதோர்ன் வளைவின் பெயர் மட்டும் புதுத் தடத்தில் வேறொரு வளைவுக்குப் போயிருக்கிறது. ‘கிரவுதோர்ன்’ என்று பின்னால் எழுதிய இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு இடங்கள். வடிவம் குறிக்காவிட்டால் இதில் ஏதோ ஒன்றைத் தப்பு என்று யாராவது அடித்துவிடுவார்கள்.

கடைசியாக எண். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஓர் எண் வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எப்படிப்பட்ட எண் என்பதில்தான் பேச்சு வந்தது. முதல் இலக்கம் மாகாணம், இரண்டாவது வகை, மூன்றாவது ஆண்டு என்று பொருள் தெரியும் எண்ணை அவன் வைக்கச் சொன்னான். நான் முடியாது என்றேன். வந்த வரிசையில் 1, 2, 3, அவ்வளவுதான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் பந்தயம் இல்லை, கப்பல். 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களைக் கப்பல் பட்டியலில் எண் போட்டு எழுதினார்கள். எங்கள் மூதாதையின் பெயர் முனுசாமி. எழுதிய குமாஸ்தாவின் காதில் அது முன்சாமி. ஒரு பிள்ளை வழியில் அது குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது, இன்னொரு பிள்ளை வழியில் வேறு பெயர் வந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு வேறு குடும்பப் பெயரில் இருக்கிறோம். பெரியப்பா எங்களை மறுபடி ஒன்று சேர்த்தது அந்தக் கப்பல் எண்ணை வைத்துத்தான். மனிதனுக்கு எண் போட்டது கொடுமை, அதை நான் எந்த நாளும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணில் எந்தப் பொருளும் இல்லாததால்தான் அது நூற்றைம்பது வருடம் மாறாமல் இருந்தது. தோட்டத்தின் பெயரையோ சாதியையோ அதில் சேர்த்திருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். தடத்தின் எண்ணிலும் மாகாணத்தைச் சேர்த்தால் 1994இல் ஒருமுறை திருத்த வேண்டியிருந்திருக்கும். இதைச் சொன்னதும் அவன் ஒன்றும் பேசாமல் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு 1 என்று தட்டினான்.

முதல் எண் ராய் ஹெஸ்கெத்துக்கு. எங்கள் பதிவு இப்படித் தொடங்குகிறது: ‘1. ராய் ஹெஸ்கெத், பீட்டர்மேரிட்ஸ்பர்க். 1953 முதல் 1981 வரை. நிலையான தடம். வீட்டில் சொன்ன பெயர்: மேரிட்ஸ்பர்க். ஹெஸ்கெத் ஃபார்முலா 1 அணியோடு தொடர்பில்லை.’ கடைசி வரி பெரியப்பாவுக்காக.

அந்தப் பதிவில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், அதை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை: ‘எங்கிருந்து எடுத்த படம்’. ராய் ஹெஸ்கெத் திறந்த அதே 1953இல்தான் பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டமும் வந்தது. நாம் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதைச் சட்டம் சொன்ன காலம் அது. பெரியப்பாவின் மேரிட்ஸ்பர்க் படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் வண்டிகள் இடமிருந்து வலமாகப் போகின்றன, பின்னால் அதே மரங்கள், அதே சரிவு. பரிசு கொடுக்கும் இடத்தின் படம் ஒன்றுகூட இல்லை. வேலி ஓரத்தில் அவருக்குக் கிடைத்த அந்த ஓர் இடத்துக்கு எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை. அங்கே நின்றவர்கள் தங்களுக்குள் ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள். மேரிட்ஸ்பர்க்கில் அந்தக் காலத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்கள் இரண்டு பேரைக் கோயிலில் விசாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு படங்களை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். அதுவரை அந்தக் கட்டத்தில் ‘மரங்கள் பக்கம்’ என்று இருக்கிறது.